பாம்புக்குச் சட்டம் வந்தது, பாம்பு பிடிப்பவருக்கு?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு ஸ்கூட்டர். போன நவம்பர் மழையில், லாஸ்பேட்டையில் நான் குடியிருக்கிற தெருவில், பக்கத்து வீட்டு அக்காவோட ஸ்கூட்டருக்குள்ள ஒரு பாம்பு புகுந்துடுச்சு. யாரோ போன் போட்டாங்க. வில்லியனூர் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். இருளர். அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, சீட்டைத் தூக்கி, வாலைப் பிடிச்சு வெளியே எடுத்துட்டார். சாரைப்பாம்பு. நல்ல நீளம்.

சாக்குப்பையைக் கட்டிக்கிட்டே சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல இதோட தோலுக்குக் காசு தம்பி. எங்க அப்பா காலத்துல இதைத் தொட்டா கேஸு. எனக்குப் பெட்ரோலுக்கு நூறு ரூபா."

மூணு தலைமுறைக் கதையை மூணு வரியில் சொல்லிட்டுப் போயிட்டார். அதைக் கொஞ்சம் விரிச்சுப் பார்க்கத்தான் இந்த எபிசோடு.

தாத்தா காலம் என்றால், இந்தியாவில் இருந்து பாம்புத் தோல் கப்பல் கப்பலாகப் போன காலம். ஐரோப்பாவில் அது செருப்பாகவும் கைப்பையாகவும் ஆனது. தோல் மண்டிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்களில் வட தமிழ்நாட்டுச் சமவெளி இருளர்கள் முக்கியமானவர்கள். வயலில் எலி பிடிப்பது, வளை தோண்டி எலி சேர்த்து வைத்த நெல்லை எடுப்பது, பாம்பு பிடிப்பது, இதெல்லாம் ஒரே திறமையின் கிளைகள். மண்ணில் இருக்கிற தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போச்சு என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தோலில் பெரிய லாபம் பார்த்தது அவர்கள் இல்லை, வியாபாரிகள்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்புக்கு நல்லது. நெல் வயலுக்கும் நல்லது, சாரையும் நல்லபாம்பும் குறைந்தால் எலி பெருகும். ஆனால் வேறு ஒரு தொழிலும் தெரியாத, நிலமும் இல்லாத குடும்பங்களுக்கு வருமானம் நின்று போனது. மண்டிக்காரர் வேறு சரக்குக்கு மாறிக்கொள்ளலாம். பிடிச்சுக் கொடுத்தவர் எதுக்கு மாறுவார்?

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருது. சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரும் இருளர்கள் சிலரும் சேர்ந்து, 1978-ல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். நீங்க பாண்டியிலிருந்து ஈசிஆர்ல சென்னைக்குப் பஸ்ல போயிருந்தா, வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. சங்கம் அந்த வளாகத்துக்குள்ளதான் இருக்கு. நான் பத்துத் தடவையாவது அந்த வழியில் தூங்கிக்கிட்டே போயிருக்கேன்.

வேலை இப்படி நடக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலு வகையை மட்டும் பிடிக்கணும். எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை உரிமத்தில் எழுதிக் கொடுக்கும். பிடிச்சு வந்த பாம்பை மண்பானையில் போட்டுத் துணியால் வாய் கட்டி வைப்பார்கள். சுமார் மூணு வாரத்தில் நாலு தடவை விஷம் எடுப்பார்கள். அப்புறம் வயிற்றுச் செதிலில் ஒரு சின்ன அடையாளம் வைத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் எதுக்குன்னா, அதே பாம்பு உடனே மறுபடி மாட்டினா தெரிஞ்சுடும். விஷத்தை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கி மருந்து கம்பெனிகளுக்கு விற்பார்கள். கம்பெனி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுக்கும்.

இந்தியாவில் பாம்புக்கடியில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2020-ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். அவர்களைக் காப்பாற்றும் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி பல வருஷமாக இந்த ஒரு சங்கத்திலிருந்துதான் போகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதுக்கு முன்னாடி, 2017-ல், அவங்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடிச்சுக் கொடுத்தாங்க.

சரி, அப்போ பிரச்சினை தீர்ந்துச்சா? இயற்கையும் பிழைச்சது, ஏழையும் பிழைச்சார்னு ஒரு ஆவணப்படத்தை முடிச்சுடலாமா?

ஒரு கணக்கு போடுவோம். சங்கத்தில் சுமார் 350 பேர் உறுப்பினர்கள். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 1,400 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர்கள் சுமார் 1.9 லட்சம். நூற்றில் ஒருவர்கூட வரலை. மீதிப் பேர் எங்கே? செங்கல் சூளையில், அரிசி ஆலையில், மரம் வெட்டுகிற இடத்தில். முன்பணம் வாங்கிட்டுக் கொத்தடிமையாக மாட்டி, அதிகாரிகள் மீட்ட குடும்பங்களின் செய்தியை நீங்களே படிச்சிருப்பீங்க. 2021-ல் ‘ஜெய் பீம்’ பார்த்து நாம எல்லாரும் கலங்கினோமே, அந்த மக்கள்தான்.

சங்கத்தைப் பெருசாக்க முடியாதா? முடியாது, அதுதான் சிக்கல். அதிகம் பேர் பிடித்தால் பாம்பு தாங்காது, அதனால்தான் உரிமத்தில் எண்ணிக்கை இருக்கு. உரிமம் தாமதமானா அந்த 350 பேருக்கும் வேலை இல்லை. இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுது. தமிழ்நாட்டுப் பாம்பு விஷத்தில் செய்த மருந்து, வேறு மாநிலத்துப் பாம்புக்கடிக்கு அதே அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்போ மற்ற மாநிலங்களிலும் விஷம் எடுக்கணும். நியாயமான கோரிக்கை, உயிர் சம்பந்தப்பட்டது. ஆனா அது நடந்தா வடநெம்மேலி விஷத்துக்கு இருக்கிற தேவை குறையலாம். இருக்கிற நல்ல இணைப்பும் அவ்வளவு மெல்லிசான நூல்.

இது நம்ம ஊருக்கு மட்டும் உரியது இல்லை. உகாண்டாவில் பிவிண்டி காடு 1991-ல் தேசியப் பூங்கா ஆனது, மலைக் கொரில்லாக்களுக்காக. கொரில்லா எண்ணிக்கை கூடியது, உண்மையான வெற்றி. வெளிநாட்டுக்காரர் ஒரு தடவை கொரில்லா பார்க்க இப்போது 800 டாலர் கட்டணம். பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றுவட்டாரத்துக்கு என்று சட்டமே இருக்கு. ஆனால் காட்டுக்குள் வாழ்ந்து வெளியேற்றப்பட்ட பாட்வா மக்கள் சிறுபான்மை, நிலமும் இல்லை. ஊருக்கு வந்த பணம் அவங்க கையை எட்டினது ரொம்பக் குறைவு.

நான் பாம்புத் தோல் வியாபாரம் திரும்ப வரணும்னு சொல்லலை. காட்டைக் காப்பாத்தினா ஏழைக்கும் தானா விடிஞ்சுடும் என்கிற பேச்சைத்தான் நம்ப முடியலை. பலன் நாடு முழுக்கப் பரவுது. செலவை மட்டும் ஒரு சின்னக் கூட்டம் கட்டுது. அந்தக் கடனைப் பாம்பை வைத்தே அடைக்கப் பார்க்கிறோம். நிலம், சாதிச் சான்றிதழ், கூலி, பள்ளிக்கூடம், இதெல்லாம் வனத்துறை மேஜையிலேயே இல்லை.

சான்றிதழ்னு சொன்னதும் நம்ம பாண்டிக்கே வருவோம். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியின் பழங்குடி எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். ஆள் இல்லாமல் இல்லை, பட்டியலே இல்லை. தமிழ்நாட்டில் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் இருந்தார்கள். இங்கே, 2016 டிசம்பரில்தான் குடியரசுத் தலைவர் ஆணையில் "இருளர், வில்லி, வேட்டைக்காரன் உட்பட" என்று வந்தது. பாண்டி வரைபடம் உங்களுக்குத் தெரியும். ஒரு தெரு நம்மது, அடுத்த தெரு விழுப்புரம் மாவட்டம். அண்ணன் அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம்னு இருந்தா, அவர் பழங்குடி, இவங்க இல்லை. பல வருஷம் இப்படித்தான்.

ஸ்கூட்டர் பாம்பு பிடிச்ச அண்ணனை அப்புறம் இன்னொரு தடவை பார்த்தேன். ரெக்கார்டர் எல்லாம் எடுத்துட்டுப் போயிருந்தேன். "அண்ணே, உங்களுக்கும் பாம்பு பிடிக்க லைசென்ஸ் கொடுத்தா நல்லா இருக்குமா?"ன்னு கேட்டேன். சிரிச்சார்.

"எம் பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது. அது எதுக்குத் தம்பி பாம்பு பிடிக்கணும்? மனைப்பட்டா எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அது எந்த டேபிள்ல இருக்குன்னு கேட்டுச் சொல்லு, போதும்."

கேட்டுக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சதும் சொல்றேன்.