உங்களுக்குத் தெரியுமா? சூளை காணாத மண்கல்

கல்வராயன் மலையின் பழைய வீடுகள் மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்டவை. அத்தகைய மண்ணையே மழைக்குக் கரையாத கல்லாக்கும் முறையை, விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989 முதல் வளர்த்து வருகிறது. அழுத்தி உறுதிப்படுத்திய மண்கல் எனப்படும் இது, சலித்த மண்ணுடன் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டைச் சேர்த்து, சிறிதளவு நீர் தெளித்துப் பிசிறி, கையால் இயக்கும் அச்சு எந்திரத்தில் அழுத்தியெடுத்து, நான்கு வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்தப்படுவது. விறகோ நிலக்கரியோ தேவைப்படாததால், சூளைச் செங்கல்லைவிடப் பல மடங்கு குறைந்த ஆற்றலே இதற்குச் செலவாகிறது.

எல்லா மண்ணும் இதற்கு உதவாது. மட்கு கலந்த மேல்மண் பயிருக்குரியது, அதை ஒதுக்கிவிட வேண்டும். களி மிகுந்த கரிசலுக்கோ சிமெண்டைவிடச் சுண்ணாம்பே பொருந்தும். கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் நீரையும் குலுக்கி அசையாமல் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலுமாகப் படிந்து அவற்றின் அளவைக் காட்டிவிடும். தொலைவிலிருந்து லாரியில் வந்திறங்கும் 'பசுமை'ப் பொருள்களைவிட மனையிலேயே கிடைக்கும் மண் மேலானது. தோண்டிய குழியையும் வீணாக்காமல் மழைநீர்த் தொட்டியாக்கலாம். ஆரோவில் பார்வையாளர் மையத்தின் வளைவுகள் இக்கற்களால் எழுந்தவையே.