பூட்டுச் செய்தவர் பொறுப்பும் பூட்டுவோர் பொறுப்பும்

சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் உண்டு என்பதை அங்கத்தினர்கள் அறிவர். ஒரு சாவியை மட்டும் கொண்டு பெட்டியைத் திறக்க இயலாது. இன்று நமது பேரேடுகள் கணிப்பொறிக்குள் புகுந்து வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்திற்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆகவே, கணிப்பொறியின் காவல் எவர் கையில் இருக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம். இதற்கு அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வரலாறு நல்ல பாடமாகும்.

அந்நிறுவனத்தின் விண்டோஸ் உலகெங்கும் பரவியபோது, புதிய வசதிகளைச் சேர்ப்பதிலேயே அதன் கவனம் மிகுந்திருந்தது. 2001-ஆம் ஆண்டு ஜூலையில் ‘கோட் ரெட்’, செப்டம்பரில் ‘நிம்டா’ என்னும் புழுக்கள் தோன்றின. புழு என்பது, மென்பொருளில் உள்ள ஓட்டை வழியே நுழைந்து, தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு அடுத்த கணிப்பொறியைத் தேடிச் செல்லும் தீய நிரலாகும்.

2002-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், நிறுவனர்களுள் ஒருவரான பில் கேட்ஸ் ஊழியர் அனைவருக்கும் ஒரு மடல் விடுத்தார். புதிய வசதியா, பாதுகாப்பா என்ற கேள்வி எழுந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே விண்டோஸ் பிரிவின் புதிய பணிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. சுமார் 8,500 ஊழியர்கள் பயிற்சி பெற்று, எழுதி முடித்த நிரல்களில் குறை தேடினர். கள்வன் எவ்வழியே வருவான் என்பதைத் திட்டமிடும்போதே ஆராய வேண்டும் என்பது 2004-இல் கட்டாய விதியாயிற்று. நெய்து முடித்த சேலையில் அறுந்த இழையைத் தேடுவதைவிட, பாவு ஓட்டும்போதே அதைக் கண்டு முடிச்சிடுவது எளிது அன்றோ?

எனினும், குறையே இல்லாத மென்பொருள் எங்கும் இல்லை. எனவே 2003-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் திருத்தங்களை வெளியிடுவது அந்நிறுவனத்தின் வழக்கமாயிற்று. இங்கேதான் இரண்டாவது சாவி நம் கைக்கு வருகிறது. திருத்தம் வெளியானவுடன் ஓட்டை எங்கே என்பது கள்வனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதனைப் பொருத்தாதவர் கதவைத் திறந்து வைத்தவரே ஆவர்.

2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் புழு, கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணயப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் பல, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அப்போது ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்குரிய திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. இரண்டு மாதத் தாமதத்தின் விலை அதுவாகும்.

செய்தவர் சாவியும் சில வேளை தளர்வதுண்டு. 2023-இல் அமெரிக்க அரசு அதிகாரிகளின் மின்னஞ்சல்களுக்குள், மைக்ரோசாஃப்ட் சேவையின் வழியே அந்நியர் புகுந்தனர். இது தடுத்திருக்கக்கூடியதே என்றும், அந்நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடு போதுமானதன்று என்றும் அந்நாட்டு அரசின் ஆய்வுக் குழு 2024-இல் கண்டித்தது. பாதுகாப்பே அனைத்திற்கும் முதன்மை என்று நிறுவனம் மீண்டும் அறிவிக்க வேண்டியதாயிற்று. தணிக்கையைப் போலவே காவலும் ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமன்று.

ஆகவே அங்கத்தினர்கள் அடுத்த பொதுப்பேரவையில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டுகிறோம். நம் கணிப்பொறிக்குரிய திருத்தங்கள் உடனுக்குடன் பொருத்தப்படுகின்றனவா? அதில் உள்ள விண்டோஸ் இன்னும் திருத்தம் பெறும் பதிப்பா? விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பேரேட்டின் நகல் ஒன்று, அக்கணிப்பொறியோடு இணைக்கப்படாமல் வேறிடத்தில் பத்திரமாக உள்ளதா?

கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. பெட்டியில் உள்ள பொருள் அங்கத்தினர்களுடையதே.