அமெச்சூர் பந்தயத்துக்கான மலிவு விலைக் கார்

அமெச்சூர் கார் பந்தயம் என்பது ஊதியத்துக்காக அல்லாமல், சொந்தச் செலவில் விருப்பத்துக்காக ஓட்டப்படும் பந்தயம் ஆகும். அமெரிக்காவில் 1944-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா போன்ற சங்கங்கள் இத்தகைய பந்தயங்களை நடத்துகின்றன. இவற்றில் கலந்துகொள்வோர் பலர் பழைய கார் ஒன்றை வாங்கி, பந்தயத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றனர்.

பிரிவைத் தேர்ந்தெடுத்தல்

காரை வாங்கிய பிறகு அதற்கேற்ற பந்தயப் பிரிவைத் தேடுவது புதியவர்கள் செய்யும் தவறுகளுள் ஒன்று. ஒவ்வொரு பிரிவும் எந்தெந்தக் கார்களை, எவ்வளவு மாற்றங்களுடன் அனுமதிக்கும் என்பதை அதன் விதிநூல் வரையறுக்கிறது. எனவே பிரிவை முடிவு செய்த பின்னரே காரைத் தேட வேண்டும்.

விலையும் மொத்தச் செலவும்

2006-இல் தொடங்கிய '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' பந்தயத் தொடர் காரின் மதிப்புக்கு 500 டாலர் என்ற வரம்பை விதித்துப் புகழ்பெற்றது. ஆனால் பாதுகாப்புக் கூண்டு, பந்தய இருக்கை, இருக்கைப் பட்டைகள், பிரேக், டயர் ஆகியவை அந்த வரம்பில் சேர்க்கப்படுவதில்லை. ஓட்டுநரின் உயிரைக் காப்பவற்றில் சிக்கனம் பிடிக்கக் கூடாது என்பதே இதன் பொருள். இப்பொருள்களின் செலவு காரின் விலையைப் பல மடங்கு மிஞ்சிவிடும். இதனால், ஏற்கெனவே கூண்டு பொருத்திப் பந்தயத்தில் ஓடிய காரை வாங்குவது, சாதாரணக் காரைப் புதிதாக மாற்றுவதைவிடப் பெரும்பாலும் மலிவாக முடிகிறது.

எடுத்துக்காட்டு: மாஸ்டா மியாட்டா

1989-இல் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5 மியாட்டா, அமெச்சூர் பந்தயத்தில் பரவலாக ஓடும் கார்களுள் ஒன்று. முதலில் 1.6 லிட்டர் எஞ்சினுடன் வந்தது. 1994 மாதிரியில் 1.8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. இது பின்சக்கர இயக்கம் கொண்டது. எடை ஏறத்தாழ ஒரு டன் மட்டுமே. நிறுத்த வேண்டிய எடை குறையும்போது பிரேக்கில் உண்டாகும் வெப்பமும் குறைகிறது. பிரேக் கட்டைகளும் டயர்களும் நீண்ட நாள் உழைக்கின்றன. ஏராளமாக விற்பனையானதால் உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கின்றன.

'ஸ்பெக் மியாட்டா' என்ற பிரிவில் அனைவரும் ஒரே வகைச் சஸ்பென்ஷனையே பயன்படுத்த வேண்டும். எஞ்சின் மாற்றங்களுக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. ஆகவே பணத்தைவிட ஓட்டும் திறனுக்கே அங்கு மதிப்பு அதிகம்.

வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை

* துரு: கூண்டின் கால்கள் பற்றவைக்கப்படும் தளம் துருப்பிடித்திருந்தால், விபத்தில் கூண்டு பயன்படாது. அத்தகைய காரைத் தவிர்க்க வேண்டும்.
* எஞ்சின்: எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். மியாட்டாவின் தொடக்கக் கால 1.6 லிட்டர் எஞ்சின்களில் கிராங்க் தண்டின் முன்முனை தேயும் குறை அறியப்பட்ட ஒன்று.
* குளிர்விப்பு: சாலையில் சூடேறாத எஞ்சின்கூடப் பந்தயத் தடத்தில் சூடேறலாம். பழைய ரேடியேட்டரையும் குழாய்களையும் மாற்றிவிடுவது நல்லது.
* பிரேக் திரவம்: இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய திரவம் சூட்டில் கொதித்தால் பிரேக் பிடிக்காமல் போகும்.

தொடக்க நிலை

கூண்டுக்குச் செலவிட இயலாதவர்கள் 'ஆட்டோகிராஸ்' போட்டியில் தொடங்கலாம். பரந்த வாகன நிறுத்துமிடங்களில் கூம்புகளை நட்டு, ஒவ்வொரு காராக நேரம் கணக்கிட்டு நடத்தப்படும் இப்போட்டிக்கு அன்றாடம் ஓட்டும் காரும் தலைக்கவசமுமே பெரும்பாலும் போதுமானவை.