நுவரெலியாவுக்கு ஒரு நாள்

வெந்நீரூற்று என்றதும் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது திருகோணமலைக் கன்னியாதான். சிறு கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாயாருக்கு அந்தியேட்டி செய்த இடம் என்பது ஐதீகம். மலையகத்தில் அப்படியான ஊற்றுகள் இல்லை. அம்பாந்தோட்டைப் பக்கமிருந்து மகா ஓயா வழியாகத் திருகோணமலை வரை, நிலத்தடியில் இரு பெரும் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான் எமது நாட்டின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் அமைந்துள்ளன. மழைநீர் பாறை வெடிப்புகளினூடாக ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, மேலே வருகிறது.

வெள்ளைக்காரர் தம் நாட்டில் உடம்பு தேறுவதற்கு பாத் போன்ற ஊற்று நகரங்களுக்குப் போவார்கள். இங்கே அவர்கள் தேடியது குளிரை. ஆளுநர் பார்ன்ஸ் 1828இல் நுவரெலியாவில் கட்டிய மாளிகைதான் இன்றைய கிராண்ட் ஹோட்டலின் மூலம். 1847இல் காய்ச்சலில் மெலிந்து வந்த சாமுவேல் பேக்கர் இங்கே உடம்பு தேறினார். பிறகு இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து விவசாயம் தொடங்கினார். 1873இல் கிரகரி வாவி உருவானது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில், துரைமார் இளைப்பாற ஓர் ஊர் உருவாயிற்று. அந்த இளைப்பாறலுக்குப் பணம் தந்த தேயிலையைப் பறித்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹட்டனிலிருந்து இரண்டு மணித்தியாலப் பஸ் தூரம்தான். அப்படியிருந்தும் வாவிக்கரையில் ஒரு நாள்கூட உட்கார்ந்திராத பெண்கள் லயங்களில் நிறையப் பேர். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போயிற்று.

அப்படிப்பட்ட சிலரும், வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வந்த சிலருமாகப் பன்னிரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். வன்னியிலிருந்து வந்தவர்களில் மூவருக்கு இது புது ஊரல்ல. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். உயிருக்குப் பயந்து போன இடத்திலேயே யுத்தம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் கணவரை 2009இல் இழந்தவர். வருவதற்கு அவர் தயங்கிய காரணம் காசல்ல. “புருசன் இல்லாதவள் ஊர் சுற்றப் போறாள் எண்டு சொல்லுவினம்” என்றார். இந்தச் சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்கிறோம்! சொல்லுகிறவர்கள் ஒரு நாளாவது எமது அடுப்பில் உலை வைத்தார்களா?

தலவாக்கலை போகும் வழியில் டெவன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்தோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு சென்கிளேயர் முன்னைப்போல இல்லை என்று தோட்டத்து அக்கா ஒருவர் கவலைப்பட்டார்.

வாவிக்கரையில் கட்டுச்சோறு பிரித்தோம். ஒருத்தி ரொட்டியும் கட்டச் சம்பலும், இன்னொருத்தி புட்டும் மீன்பொரியலும். படகுச் சவாரிக்குக் கேட்ட காசு எமக்குக் கட்டுப்படியாகவில்லை. புல்லில் உட்கார்ந்திருந்தோம். யாரும் எம்மை எழுப்பவில்லை.

பிறகு பதுளை வீதியில் சீத்தாஎலிய. 2024 மே மாதம் கும்பாபிஷேகம் கண்ட சீதையம்மன் கோயில் ஓடைக்கரையில் நிற்கிறது. பாறையில் உள்ள குழிகளை அனுமனின் பாதம் என்கிறார்கள். சிறைவைக்கப்பட்ட ஒரு பெண் காத்திருந்த இடம் என்பதாலோ என்னவோ, எங்களில் யாரும் அங்கே அதிகம் பேசவில்லை. காணாமல் போன மகனைத் தேடும் தாய் ஒருவரும் எங்களோடு வந்திருந்தார். அவர் ஓடைத் தண்ணீரில் காலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். “கால் விறைக்குது, ஆனா எடுக்க மனமில்லை” என்றார். ஹட்டன் தங்கச்சி ஒருத்தி தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

சற்றுத் தள்ளியிருக்கும் ஹக்கல பூங்கா 1861இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கியது. மலேரியாவுக்கான கொயினா அந்த மரப்பட்டையிலிருந்துதான் கிடைக்கிறது. நேரமிருந்தால் பாருங்கள், எங்களுக்கு நேரமில்லை.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில விடயங்கள். சித்திரைப் பருவத்தைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது கூட்டமும் விலையும் தாங்காது. கம்பளி உடுப்பும் குடையும் கட்டாயம். 2025 நவம்பர் டித்வா புயலும் மண்சரிவும் இந்தப் பாதைகளை எப்படிச் சிதைத்தன என்பதை அறிவீர்கள், மழை நாளில் விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம். கழிவறை கண்ட இடத்தில் எல்லோரும் போய்வாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

திரும்பும் வழியில் தோட்டத்துப் பெண்கள் கன்னியாவைப் பற்றி விசாரித்தார்கள். தண்ணீர் உண்மையாகவே சுடுமா, கையால் அள்ளிக் குளிக்கலாமா என்று ஆயிரம் கேள்வி. பஸ் ஹட்டனுக்கு வருமுன்னே சீட்டு ஒன்று பிடித்தாயிற்று, ஆளுக்கு மாதம் இருநூறு ரூபா. முதல் மாதக் காசை வாங்கி வைத்திருப்பவர், ஊர் என்ன சொல்லும் என்று தயங்கிய அதே அக்காதான்.