கட்டி முடியாத பாலத்தின் லாபம்

ஒரு பாலமோ மெட்ரோ நிலையமோ அடுக்குமாடியோ, ஒரே ஒரு வேலையின் பணத்தை அது தொடங்கும் நாள் முதல் வேலை கொடுத்தவர் ஒவ்வொரு பில்லிலும் நிறுத்திவைக்கும் பிடித்தத் தொகையின் கடைசிப் பகுதி கைக்கு வரும்வரை கவனிப்பவர் திட்டக் கணக்காளர். நிறுவனத்தின் பொதுக் கணக்கு மார்ச் 31-இல் முடிந்துவிடும். இவருடைய கணக்கு வேலையோடுதான் முடியும். அதற்குள் மூன்று நான்கு மார்ச் மாதங்கள் வந்து போகலாம்.

வேலை கைக்கு வந்ததும் டெண்டரில் போட்ட மதிப்பீட்டை மண்வேலை, கம்பி, கான்கிரீட், கூலி, இயந்திர வாடகை எனத் தலைப்புவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுக்கிறார். சைட்டில் இறங்கும் ஒவ்வொரு லோடு ஜல்லியும் அதற்குரிய எண்ணில் ஏற வேண்டும். பக்கத்து வேலைக்குப் போன சிமென்ட்டை இந்த வேலையின் செலவில் எழுதினால் இரண்டு கணக்கும் பொய். இது பெரும்பாலும் கவனக்குறைவால் நடக்கிறது. சில இடங்களில் நஷ்டத்தை மறைக்கத் தெரிந்தே செய்யப்படுகிறது.

வரவுக்கு அடிப்படை, பொறியாளர் அளந்து எம்-புக் எனப்படும் அளவுப் பதிவேட்டில் பதியும் அளவு. அதை வைத்தே ரன்னிங் பில் எனப்படும் இடைக்கால பில் போடப்படுகிறது. ஆனால் பில் தொகை முழுதாக வருவதில்லை. வாங்கிய முன்பணத்தில் ஒரு பங்கு, பிடித்தத் தொகை, வருமான வரிக்கான டிடிஎஸ், கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், அரசு வேலையென்றால் ஜிஎஸ்டிக்காக இன்னொரு 2 சதவீதம் எனக் கழிந்துகொண்டே போகும். லாபமான வேலையிலும் கூலி கொடுக்கக் காசில்லாமல் போவது இதனால்தான். எந்த மாதம் எவ்வளவு வரும், கம்பிக்காரருக்கும் சப்-கான்ட்ராக்டருக்கும் எப்போது கொடுத்தாக வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்வதும் இவர் பொறுப்பு.

பாதி நிற்கும் பாலத்தில் இந்த ஆண்டு லாபம் எவ்வளவு என்பதுதான் கடினமான கேள்வி. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை 115, இத்தகைய வேலைகளில் முடிந்த அளவுக்கு வருவாய் காட்டச் சொல்கிறது. 100 கோடி ரூபாய் ஒப்பந்தம், மதிப்பிட்ட மொத்தச் செலவு 80 கோடி என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 20 கோடி செலவாகியிருந்தால் கால் பங்கு வேலை முடிந்ததாகக் கொண்டு வருவாய் 25 கோடி, லாபம் 5 கோடி. இதில் 20 கோடிக்கு ரசீது இருக்கிறது. மீதி 60 கோடி வெறும் கணிப்பு. கம்பி விலை ஏறியோ நிலம் கைக்கு வரத் தாமதமாகியோ மொத்தச் செலவு 105 கோடியாகும் என்று தெரிந்தால், ஒப்பந்தத் தொகையைத் தாண்டும் 5 கோடி நஷ்டம் முழுவதையும் உடனே கணக்கில் காட்ட வேண்டும். வேலை முடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

அந்தக் கணிப்பை நல்லவிதமாகவே எழுதிக்கொண்டு போனால் என்னவாகும் என்பதற்கு பிரிட்டனின் கட்டுமான நிறுவனம் கரில்லியன் உதாரணம். 2017 ஜூலையில் தன் ஒப்பந்தங்களின் மதிப்பில் 84.5 கோடி பவுண்டைக் குறைப்பதாக அது அறிவித்தது. 2018 ஜனவரி 15-இல் கலைப்புக்குப் போனது.

ஆகவே மாதந்தோறும் பொறியாளரிடம் இதுவரை ஆன செலவைக் கேட்பதோடு நிறுத்தாமல், இன்னும் எவ்வளவு ஆகும் என்று விடாமல் கேட்பதே இவர் வேலையின் சாரம். திட்ட மேலாளருக்கு இது பிடிக்காது. சைட்டில் உட்கார்ந்திருந்தாலும் திட்டக் கணக்காளரின் அறிக்கை நேரே தலைமையக நிதிப் பிரிவுக்குப் போக வேண்டும். மேலாளருக்கு மட்டும் கீழ்ப்பட்டவராக அவரை வைப்பது தவறான ஏற்பாடு.