முரட்டுக் கறி மெத்தென்று ஆவது எப்படி?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மக்காச்சோளம், சோயா அறுவடை. குடும்பமே வயலில் நிற்கும் அந்த நாட்களில், மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் காலையில் போட்ட மாட்டின் தோள்பட்டைக் கறி, இருட்டியபின் வீடு திரும்பும்போது கரண்டி பட்டாலே பிரிந்துவிடும். அதே துண்டை அரைமணி நேரம் கொதிக்கவைத்தால் மெல்லவே முடியாது. ஏன்?

தோள்பட்டை ஓயாமல் உழைக்கும் பகுதி. அங்கே தசை இழைகளைச் சுற்றிப் பிணைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது. சூடேறும்போது இழைகள் முதலில் சுருங்கி நீரைப் பிழிந்துவிடும். அதனால்தான் இடைக்கட்டத்தில் கறி இன்னும் இறுகுகிறது. சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரத்தோடு, பல மணி நேரம் இருந்தால் கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரையும். அது இழைகளுக்கு இடையே வழுவழுப்பாகப் பரவும், குழம்புக்கும் திடம் கொடுக்கும். விலையுயர்ந்த முதுகுக்கறியை ஸ்லோ குக்கரில் போடுவது வீண். கொலாஜன் குறைவு, வறண்டுதான் போகும்.

கறியோடு சிவப்பு ராஜ்மா சேர்ப்பவர்கள் அதை ஊறவைத்து, நீரை மாற்றி, தனியே 10 நிமிடமாவது நன்கு கொதிக்கவைத்த பிறகே போட வேண்டும். ஸ்லோ குக்கரின் மிதச்சூட்டில் ராஜ்மாவிலுள்ள நச்சுப் புரதம் அழியாது.