ஹெட்டைக் கழற்றும் முன்

தம்பி, டீயை எடுத்துக்கொள், நிதானமாகப் பார்ப்போம். ஐடி கார்டில் படமும் பெயரும் பளிச்சென்று விழுகின்றன, பின்பக்கப் பட்டையில் மட்டும் எதுவும் பதியவில்லை என்கிறாய். பிரிண்டருக்குள் இரண்டும் வேறு வேறு வேலை. படம் போடுவது ரிப்பனும் சூடும். பட்டையில் எழுதுவது ஒரு சின்னக் காந்த ஹெட். பழைய கேசட் ரெக்கார்டரில் பாட்டைப் பதிந்த அதே முறைதான். அதனால் பிரிண்ட் நன்றாக வருவதை வைத்துப் பதிவும் சரி என்று நினைக்காதே. உடனே ஹெட் போய்விட்டது என்றும் முடிவு கட்டாதே. விலை கூடிய பொருள் அது, கடைசியில் பார்க்கலாம்.

முதலில் கார்டு. பட்டை எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். திருப்பி அடுக்கியிருந்தால் ஹெட் வெறும் பிளாஸ்டிக்கின் மேல்தான் ஓடும்.

அடுத்து பட்டையின் ரகம். பதிய வலுவான காந்தப்புலம் கேட்பது ஹைகோ, 2750 அல்லது 4000 ஓர்ஸ்டெட். குறைவாகக் கேட்பது லோகோ, 300 அளவில். ஹைகோ பெரும்பாலும் கறுப்பு, லோகோ பழுப்பு. ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் கார்டு வந்த பெட்டியைப் பார். டிரைவரில் லோகோ என்று இருந்தால், ஹைகோ பட்டையில் பதிய ஹெட் தரும் காந்தப்புலம் போதாது.

மூன்றாவது, நாம் அனுப்பும் விவரம். பட்டையில் அது டிராக் எனும் தனித்தனி வரிகளில் பதியும். முதல் டிராக்கில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் போகும், மொத்தம் 79 இடம். இரண்டாவது டிராக்கில் 40 இடம்தான், எழுத்தே ஏறாது. ஊழியர் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அந்த டிராக் எரர் அடிக்கும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. யுஎஸ்பி கார்டு ரீடரைச் செருகு, நோட்பேடைத் திற, கார்டைத் தேய். முதல் டிராக் சதவீதக் குறியில் தொடங்கும், இரண்டாவது அரைப்புள்ளியில். இரண்டும் கேள்விக்குறியில் முடியும். ஒரு டிராக் மட்டும் வந்தால் முதலில் விவரத்தைப் பார். எதுவுமே வராவிட்டால் பக்கத்தையும் ரகத்தையும் பார். ஒரு கார்டு பதிந்து அடுத்தது பதியாவிட்டால் அழுக்காக இருக்கலாம். ஹெட்டில் படிந்த தூசி பட்டையை இம்மியளவு தள்ளி நிறுத்தினாலே பதிவு பலவீனமாகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த கிளீனிங் கார்டை ஓட்டு. பிளேடு, ஊசி எதையும் உள்ளே விடாதே.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது. இத்தனைக்குப் பிறகும் பதியாவிட்டால் ஹெட்டைச் சந்தேகப்படு.

சரியானதும் மொத்தமாக அடிக்கத் தொடங்காதே. ஒன்றை அடித்து, தேய்த்துப் பார்த்துவிட்டு மற்றதை அடி. காலை ஷிப்டுக்கு ஓடி வருகிறவர் நாம் கொடுத்த கார்டால் கேட்டில் நிற்கக் கூடாது.